வியாழனுக்குள் யார் போய்ப் பார்த்தது

எங்கள் ஊரிலிருந்து எந்தக் கிரகத்துக்கும் பஸ் உண்டு. குடவாசல் போய் மாறினால் குருவுக்கு ஆலங்குடி. மயிலாடுதுறை போய் மாறினால் செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோவில், புதனுக்குத் திருவெண்காடு. காரைக்கால் பக்கம் போனால் சனி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் வேன்கள் ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துவிடும் அவசரத்தில் எங்கள் வாய்க்கால் பாலத்தைக் கடந்து போகும். அதனால் முதுகலை இயற்பியலில் கோள்களின் உட்பகுதியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது ஊரில் யாரும் வியக்கவில்லை. சந்தேகப்பட்டார்கள். அதுவும் கோள்களால் வந்த சந்தேகம் அல்ல. நான் திருவாரூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியால் வந்தது.

பெட்டி சோற்று டப்பா அளவுதான். உள்ளே ஒரு சுருள், ஒரு காந்தம், ஒரு சிறிய கணினிப் பலகை, ஒரு சிம் கார்டு. தரை அசைந்தால் காந்தம் அசையும், அந்த அசைவைச் சுருள் மின்சாரமாக்கும், பலகை அதைக் கோடாக எழுதி உடனுக்குடன் என் மடிக்கணினிக்கு அனுப்பும். பூமியின் மறுபக்கத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தால் அதன் அலை பூமியின் மையத்தினூடாகவே வந்து இருபது நிமிடத்தில் எங்கள் வயலைத் தொடும். வழியில் எங்கே திரவம், எங்கே திடம் என்பதை அந்த அலை சுமந்து வரும். செவ்வாயிலும் இப்படி ஒரு கருவியை இறக்கி வைத்துத்தான் அதன் மையத்தில் உருகிய இரும்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முதலில் பூமியை வைத்து இந்த முறையைச் செய்து காட்ட வேண்டும், பிறகு செவ்வாயோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். இதுதான் என் வேலை. முப்பது நாள் இடைவெளி இல்லாத பதிவு இருந்தால்தான் கட்டுரையை ஏற்பேன் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். பங்குனிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு ஒரு வருடம் போகிறது என்றால் 'பொட்டப்புள்ளய இவ்வளவு படிக்க வச்சாச்சே, போதும்' என்று சொல்லக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வருடம் கிடைக்கிறது என்று பொருள்.

எனக்குத் திமிர் என்று சொல்வார்கள். உண்டு. இல்லையென்றால் இந்த இடம் வரை வந்திருக்க மாட்டேன்.

பல்கலைக்கழகத்தில் ஜெனரேட்டர் சத்தம், லாரிச் சத்தம். அமைதியான இடம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று பேராசிரியை கேட்டார். எங்கள் வயலை ஒட்டிய களம் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டினார். அடியில் சிமெண்ட் பலகை போட்டு, பெட்டியை வைத்து, மண் சரியாமல் இருக்க அகலமான பிவிசி குழாயை இறக்கி மூடினேன். அப்பா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

அது தை மாதம். சம்பா அறுவடை. செயின் வண்டி என்று நாங்கள் சொல்லும் அறுவடை மிஷின் களத்தின் மேல் ஏறித்தான் வயலுக்குள் இறங்கும். குழாயின் மேல் ஏறிவிடக் கூடாதே என்று ஒரு மூங்கில் குச்சியை நட்டு, உச்சியில் சிவப்புத் துணியைக் கட்டினேன். மிஷின் ஓட்டுகிறவர் சேலத்துக்காரர். தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். இந்த ஊரில் பிறந்த எனக்கு வேறெதுவும் தோன்றாமல் போனது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை.

மிஷின் திரும்ப வசதியாக வயலின் நான்கு மூலையையும் முதலில் கையால் அறுத்து விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவோடு இன்னும் நாலு பேர் அரிவாளோடு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கண் குழாயின் மேல்தான்.

"என்னடி பாப்பா அது, போர் போடுறியா?" என்றாள் ஒரு அத்தை.

"இல்லத்தை. கிரகத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற படிப்பு."

"எந்த கிரகம்?"

"எல்லாந்தான். குருவுக்குள்ள என்ன இருக்கு, சனிக்குள்ள என்ன இருக்குன்னு."

"குருவுக்குள்ள என்ன இருக்கு?"

வியாழனுக்குத் தரையே கிடையாது, வாயுதான், உள்ளே போகப் போக அழுத்தம் ஏறி அந்த வாயுவே உலோகம் மாதிரி ஆகிவிடும், நடுவில் மையம் என்று ஒன்று தனியாக இல்லாமல் கரைந்து கிடக்கலாம் என்று சொன்னேன்.

"யாரு போய்ப் பாத்தா?"

"யாரும் போகல. பக்கத்துல ஒரு விண்கலம் சுத்துது. அதை வியாழன் எங்க கொஞ்சம் கூட இழுக்குது, எங்க கொஞ்சம் கம்மியா இழுக்குதுன்னு பாத்து, அதை வச்சு..."

"கொள்முதல் நிலையத்துல மூட்டையைக் குத்தூசியால குத்திப் பாக்குறான். குத்தியே நம்ப மாட்டேங்கிறான், இன்னொரு எடத்துல குத்துறான். நீ என்னடான்னா குத்தாமலே சொல்றங்கிற."

"நான் ஆலங்குடிக்கு மூணு தடவை போயிருக்கேன்," என்றாள் இன்னொருத்தி. "உள்ள ஒரே இருட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் யாரு போய்ப் பாத்தா என்று அத்தை கேட்டது உறுத்தியது. என் பாடப் புத்தகத்தில் அதிகம் வருகிற சொல் 'இருக்கலாம்' என்பதுதான். சனியின் வளையத்தில் தெரிகிற நெளிவை வைத்து அதன் உட்பகுதி கலங்கிய குழம்பு மாதிரி இருக்கலாம் என்கிறார்கள். நெப்டியூனுக்குள் வைரமே மழையாகப் பெய்யலாம் என்கிறார்கள். நான் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். அரிவாள் பிடித்தவள் ஒரே வாக்கியத்தில் என்னை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் பக்கத்து வயல்காரர் வந்தார். உறவில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். விவசாயிகள் சங்கத்தில் இருப்பவர். சில வருடங்களுக்கு முன்பு ஒரு எரிவாயுக் கம்பெனியின் ஆட்கள் எங்கள் வயல்களை அளக்க வந்தபோது அவரும் அப்பாவும்தான் ஜீப்பின் முன்னால் உட்கார்ந்தவர்கள். அந்த வழக்குக்காக இரண்டு பேரும் ஒன்றாகவே கோர்ட்டுக்குப் போய் வந்தார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்த பிறகும் அவர்கள் நம்பவில்லை. காக்கிப் பை மாட்டிய எவர் வந்தாலும் வரப்பிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

"சிவப்புக் கொடி யாரு நட்டது?" என்றார் சித்தப்பா.

"நாந்தான் சித்தப்பா. மிஷின் ஏறாம இருக்க."

"ஓ." குழாயை விரலால் தட்டினார். "எத்தனை அடி?"

"மூணடி."

"அவனும் முதல்ல மூணடின்னுதான் சொன்னான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி ஆட்கள் எங்கெல்லாம் குழி போட்டு அதிர்வு பார்க்கப் போகிறார்களோ அங்கெல்லாம் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். குழிக்குள் குழாய் இறக்குவார்கள். கம்பி ஓடும். நான் செய்ததும் அதுவேதான், அளவில்தான் சிறியது. துணியை உடனே அவிழ்த்தேன். அவிழ்த்ததும் தப்பு. நட்டதை விட அவிழ்த்ததைத்தான் ஊர் அதிகம் பேசியது என்று அம்மா பிறகு சொன்னாள். ஒளிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று ஆகிவிட்டதாம்.

நான் விடுதிக்குத் திரும்பினேன். தினமும் கோட்டைப் பார்ப்பேன். மும்முனை மின்சாரம் வருகிற நேரம் கூடக் கோட்டில் தெரிந்தது. சுற்றியுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது கோடு தடிக்கும். செயின் வண்டி எங்கே ஓடுகிறது என்று இங்கிருந்தே சொல்ல முடிந்தது. போனில் அம்மாவிடம், "வடக்கு வயலை இன்னைக்கு அறுத்தாச்சா?" என்று கேட்பேன். அவள் 'ஆச்சு' என்பாள். பிறகு, "உனக்கு யாரு சொன்னா?" என்பாள். அவள் குரலில் எனக்குப் பெருமையாகப் பட்டது உண்மையில் பயம்.

பத்தொன்பதாம் நாள் பகல் ஒன்று நாற்பதுக்குக் கோடு நின்றது.

அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். குழாய் இல்லை, பெட்டி இல்லை, சிமெண்ட் பலகை மட்டும் குழியில் கிடந்தது. பதினாறு நாளாக மனதில் சேர்ந்திருந்தது எல்லாம் ஒரே ஆளின் மேல் போய் விழுந்தது. நேராகச் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"பெட்டியைக் குடுத்துடுங்க சித்தப்பா."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "எந்தப் பெட்டி?"

"உங்களுக்குத் தெரியும்."

"பத்து எழுத்துப் படிச்சா பெரியவன் சின்னவன் கெடையாதா? நான் எடுக்கணும்னா பகல்ல சொல்லிட்டு எடுப்பேன். ஜீப்பையே சொல்லிட்டுத்தான் மறிச்சேன்." அவர் மனைவியைப் பார்த்தார். "பாத்தியா, யாரை யாரு திருடன்னு சொல்றது."

அதற்குள் தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். 'படிக்குதுன்னுதானே சொன்னாங்க, கம்பெனிக்குப் படிக்குதா?' என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் பெயரையும் யாரோ சொன்னார்கள். ஜீப்பின் முன்னால் உட்கார்ந்த ஆளின் வீட்டிலேயே குழாய் இறங்கியிருக்கிறது என்றார்கள்.

வீட்டில் அப்பா சாக்கை விரித்து உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "போனாப் போவுது விடு ஆயி," என்றார். அவ்வளவுதான். என் ஒரு வருடம் போகிறது, இவர் விடு என்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் வழியெல்லாம் ஒவ்வொரு ஆளாக நினைத்துச் சந்தேகப்பட்டேன். மிஷின் ஓட்டியவர், மூலை அறுத்தவர்கள், அம்மா. அம்மாவைக் கூட விடவில்லை.

அடுத்த நாள் காலையில்தான் கடைசி ஒரு மணி நேரப் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செத்த கோட்டில் என்ன இருக்கப்போகிறது என்று அதுவரை பார்க்கவில்லை.

பகல் ஒன்று இருபத்தாறுக்குச் சின்னச் சின்ன முடிச்சுகள் தொடங்குகின்றன. யாரோ நடந்து வருகிறார்கள். ஒரு அடி அழுத்தம், அடுத்தது லேசு. ஒரு அழுத்தம், ஒரு லேசு. இரண்டு அடிக்கும் நடுவிலுள்ள நேரமும் சமமாக இல்லை. லேசான காலுக்குப் பிறகு அழுத்தமான கால் சீக்கிரம் வந்துவிடுகிறது. அருகில் வர வர முடிச்சுகள் பெரிதாகி நிற்கின்றன. அதற்குப் பிறகு பதினோரு நிமிடம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, எடையைக் கால் மாற்றி நின்றதைப் போல ஒரு சின்ன அசைவு. பிறகு பெரிய அதிர்வு. பிறகு கோடு இல்லை.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது சேற்றுழவு டிராக்டரின் இரும்புக் கேஜ் வீல் அப்பாவின் இடது காலில் ஏறியது. அன்றிலிருந்து அவர் நடையைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்ல முடியும் என்பதை நிரூபிக்கத்தான் நான் இந்தப் படிப்பைப் படிக்கிறேன். நிரூபணம் வந்துவிட்டது. அது வேண்டாம் என்று இருந்தது.

மறுபடி ஊருக்குப் போனேன். மடிக்கணினியைத் தரையில் வைத்து அந்தக் கோட்டைக் காட்டினேன்.

"இது யாரோ நடக்குறதுப்பா. பாருங்க."

"எனக்கென்ன தெரியும் இதுல."

ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டுத் தரையில் தட்டிக் காட்டினேன். பலமாக ஒன்று, மெல்ல ஒன்று. பலமாக, மெல்ல. நாலு தட்டுக்கு மேல் தேவைப்படவில்லை. நீட்டியிருந்த இடது காலை அப்பா மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அப்பா எழுந்து போய், விதைநெல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சாக்கில் சுற்றிய பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு கம்பி கூட அறுந்திருக்கவில்லை. பிடுங்கவில்லை, பார்த்துப் பார்த்துக் கழற்றியிருக்கிறார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டா நீ சொல்லுவ. எனக்கு வெளங்காது. வெளங்கலன்னாலும் நீ சொல்றியேன்னு தலைய ஆட்டுவேன். அதான் கேக்கல." சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஜீப்புல வந்தவனும் படிச்ச புள்ளதான். சும்மா பாக்குறோம்யா, ஒண்ணும் எடுக்கலன்னுதான் சொன்னான். மரியாதையாத்தான் பேசுனான். நீ பேசுற மாதிரியேதான் பேசுனான்."

"நான் உங்க பொண்ணுப்பா."

"நீ என் பொண்ணுதான். இது எழுதுறது எங்க போவுது? அதை யாரு பாக்குறா?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். என் மடிக்கணினிக்குப் போகிறது, அங்கிருந்து பேராசிரியைக்குப் போகிறது. அதற்கப்புறம்? இத்தனை நாளில் நான் அதைக் கேட்டதே இல்லை. வியாழனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டவள், என் வயலிலிருந்து போகிற கோடு யார் கையில் போய்ச் சேருகிறது என்று கேட்கவில்லை. பேராசிரியைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அது எல்லாருக்கும் பொதுவான பதிவும்மா," என்றார் அவர். "உலகம் பூரா இப்படி வீடுகள்ல வச்சிருக்காங்க. எல்லாம் ஒரே இடத்துல சேரும். யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம்."

"கம்பெனிக்காரங்களும் பார்க்கலாமா மேடம்?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. "பார்க்கலாம். ஆனா இதை வச்சுப் பூமிக்கடியில எரிவாயு தேட முடியாது. அதுக்கு வெடி வைக்கணும், நூத்துக்கணக்கில கருவி வைக்கணும். ஒரே ஒரு பெட்டியால ஆகாது." பிறகு அவரே சொன்னார்: "ஆனா நீங்க கேட்டது சரியான கேள்வி. வச்ச இடத்தைத் துல்லியமாப் போடாம தோராயமாப் போட்டுக்கலாம். அதையும் நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

போனை வைத்ததும், "அந்தம்மா யோசிச்சிட்டுச் சொன்னாங்க," என்றார் அப்பா. "ஜீப்புக்காரன் யோசிக்கவே இல்ல. கேக்குறதுக்கு முந்தியே சொன்னான்."

அதற்காக நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. "வயல்ல வேணாம். வயலைப் பாத்தா ஊரே பாக்கும். வீட்டுல வச்சுக்க. என் கண்ணு முன்னால இருக்கட்டும்," என்றார். வீட்டுத் தரை அலை பார்க்க உகந்த இடம் இல்லை. அம்மிச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் விழும். ஒத்துக்கொண்டேன். அறிவியலுக்காக என்று சொன்னால் பொய்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. இரண்டு பேரும் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "பொண்ணு உன்னைக் கேட்டுச்சில்ல, அது நான் எடுத்தது. பொண்ணே கண்டுபிடிச்சிருச்சு."

சித்தப்பா எழுந்து வந்தார். "நீயா எடுத்த?"

"நாந்தான்."

"எப்ப?"

"அந்த வெள்ளிக்கிழமை, மத்தியானம்."

"சனிக்கிழமை எடுக்கலாம்னு நான் இருந்தேன். முந்திக்கிட்ட." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் அப்பனையே நீ கண்டுபிடிச்சியாமே. எப்படி?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு, நடையை வைத்துக் கண்டதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தார். "அப்ப நான் தினமும் அந்த வரப்புல போனதும் வந்ததும் அதுல இருக்கு."

"இருக்கும் சித்தப்பா."

"இது கம்பெனியை விட மோசம்," என்றார்.

மீதமிருந்தது முப்பத்திரண்டு நாள். விதைநெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் பெட்டியை வைத்தேன். இருபத்தாறாம் நாள் பூமியின் மறுபக்கத்துக் கடலில் ஒரு பெரிய நிலநடுக்கம். அலை மையத்தினூடாக வந்து, எங்கள் வீட்டுத் தரையை யாரும் உணராத அளவுக்கு அசைத்துவிட்டுப் போயிருந்தது. அதைப் பிரித்தெடுக்க அம்மியையும் கதவையும் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டியிருந்தது. அப்பாவைக் கழிப்பதுதான் சுலபம். அவர் அடி எப்போதும் அவர் அடியாகவே இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் கழிக்க முடியவில்லை. தினமும் காலை ஆறு மணி வாக்கில் பெட்டியின் மேலேயே ஒரு தட்டு விழுந்திருந்தது. முப்பது நாளும் தவறாமல் விழுந்திருந்தது. அம்மாவிடம் கேட்டேன். அப்பா எழுந்து வந்ததும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடுகிறார் என்றாள். அவருக்கு அதில் எதுவும் தெரியாது. ஆனாலும் பார்க்கிறார்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேனா முனையால் அந்த இடத்தைத்தான் தொட்டார். "இந்தத் தினசரி அதிர்வு என்ன? கருவியில் கோளாறா?"

"இல்லை சார். எங்கப்பா திறந்து பார்க்கிறார்."

"எதுக்கு?"

"உள்ளே நான் சொன்னதுதான் இருக்கான்னு."

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். பெட்டி இன்னும் விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்று காலை கோட்டைப் பார்த்தேன். ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தட்டு விழுந்திருந்தது.